இதய நலமும் இன்றைய ஆய்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய நோயைப் பற்றிச் செய்தி வராத வாரமே இல்லை. ஒரு வாரம் ஒரு மாத்திரை உயிர் காக்கும் என்பார்கள். அடுத்த வாரம் அதையே வேண்டாம் என்பார்கள். படிப்பவருக்கு மிஞ்சுவது குழப்பம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள் சுமார் 1.98 கோடி பேர். அதில் 85 சதவீதம் மாரடைப்பும் பக்கவாதமும். இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும், குறைந்தபட்சம் பல வருடம் தள்ளிப்போட முடியும். அதனால்தான் இந்தப் பக்கம். உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

மாரடைப்பு திடீரென்று வருவதுதானே?

வலி திடீரென்று வருகிறது. அதற்குக் காரணமான நோய் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களைப் பிரேதப் பரிசோதனையில் ஆராய்ந்து 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வீரர்களின் சராசரி வயது 22. அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் கொழுப்புப் படிவு ஏதோ ஓர் அளவில் ஏற்கெனவே இருந்தது. மாட்ரிட் நகரில் 40 முதல் 54 வயது வரையிலான வங்கி ஊழியர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேரை ஸ்கேன் செய்த ஆய்வு 2015-இல் வந்தது. யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை, தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள். ஆனாலும் 63 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு ரத்தக்குழாயில் படிவு தெரிந்தது.

இந்தப் படிவு குழாய்ச் சுவரின் உள்ளேயே வளர்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் துகள்கள் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. வெள்ளை அணுக்கள் வந்து அவற்றை விழுங்கி, கொழுப்பு நிரம்பி, திரும்பிப் போக முடியாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. அதன்மேல் மெல்லிய நார்த்திசு மூடிக்கொள்கிறது. ஒருநாள் அந்த மூடி கொப்புளம் உடைவதுபோல் கிழிந்தால், உள்ளே இருப்பது ரத்தத்தில் படுகிறது. உடனே ரத்தம் உறைகிறது. சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் நடக்கின்றன. முந்தைய நாள்வரை அந்த இடத்தில் பாதி அடைப்புகூட இல்லாமல் இருந்திருக்கலாம். டிரெட்மில் சோதனையில் எல்லாம் சரி என்று வந்தவருக்கும் மாரடைப்பு வருவது இதனால்தான்.

ஆகவே கொலஸ்ட்ராலோ பிரஷரோ எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. அந்த அளவோடு எத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறோம் என்பதும் சேர்ந்தே கணக்கு. கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

தனி ஒருவருக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பை நன்றாகவே கணிக்கலாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊரில் 1948-இல் 5,209 பேரோடு தொடங்கிய ஆய்வுதான் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவற்றை இதய நோயோடு சேர்த்துப் பேச வைத்தது. அந்தக் குடும்பங்களின் அடுத்தடுத்த தலைமுறைகளையும் சேர்த்து அது இன்னும் நடக்கிறது. 2004-இல் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பதே விஷயங்களால் விளக்கிவிடலாம் என்று காட்டியது: புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவாகச் சாப்பிடுவது, உடலுழைப்பு இல்லாமை, மதுப்பழக்கம். மதுவைப் பொறுத்தவரை அந்த ஆய்வில் அளவான குடி நல்லது என்பதுபோல் வந்தது. பிற்பாடு மரபணு அடிப்படையிலான ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தளர்த்திவிட்டன. எந்த அளவு மதுவும் இதயத்துக்கு நல்லதில்லை என்று உலக இதயக் கூட்டமைப்பு 2022-இல் சொன்னது.

அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் வெளியிட்ட பிரிவென்ட் என்ற கணிப்பு முறை 30 வயதிலிருந்தே பயன்படுத்தலாம். சிறுநீரகத்தின் நிலையையும் அது கணக்கில் எடுக்கிறது. பத்து வருட அபாயத்தோடு முப்பது வருட அபாயத்தையும் சொல்கிறது. இளவயதினர் பார்க்க வேண்டியது இந்த முப்பது வருடக் கணக்கைத்தான். 35 வயதில் பத்து வருட அபாயம் யாருக்குமே சிறியதாகத்தான் தெரியும், அதை நம்பி அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

எல்டிஎல் எவ்வளவு குறைந்தால் நல்லது? ஒரேயடியாகக் குறைந்தால் கெடுதல் இல்லையா?

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்டிஎல் டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. இன்னும் கீழே போனால் இன்னும் பயன். இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் ஆய்வுகளில் இதுவரை தென்படவில்லை.

இந்த விஷயத்தில் பிசிஎஸ்கே9 என்ற மரபணுவின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. கல்லீரல் செல்களின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. பிசிஎஸ்கே9 புரதம் அந்த ஏற்பிகளை அழிக்கிறது. பிறவியிலேயே இந்த மரபணு சரியாக வேலை செய்யாத சிலர் இருக்கிறார்கள். 2006-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இப்படிப்பட்ட கறுப்பினத்தவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவாக இருந்தது. இதய நோயோ 88 சதவீதம் குறைவு. அவர்களில் பலருக்குப் பிரஷர் இருந்தது, புகைப்பழக்கமும் இருந்தது. அப்படியும் இந்த வித்தியாசம்.

அப்புறம் அதே புரதத்தைத் தடுக்கும் ஊசி வந்தது. 2017-இல் 27,564 பேரிடம் நடந்த ஃபூரியர் ஆய்வில் அது எல்டிஎல்லை 59 சதவீதம், அதாவது சுமார் 30 மில்லிகிராம் வரைக்கும் இறக்கியது. பெரிய தீங்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் மாரடைப்பு உள்ளிட்ட சம்பவங்கள் குறைந்தது 15 சதவீதம் மட்டுமே. ஏன்? ஊசி போட்டவர்களைக் கவனித்தது இரண்டு வருடச் சொச்சம். அதுவும் ஏற்கெனவே நோய் முற்றியவர்கள். மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கோ பிறந்த நாள் முதல் எல்டிஎல் குறைவு. எல்டிஎல் ஆய்வுகளில் என் மனதில் அழுத்தமாகப் பதிந்தது இந்த ஒப்பீடுதான். முப்பதுகளில் எல்டிஎல் 160 இருந்தும் "வயசு இருக்கிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுபவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

உங்கள் ஆய்வகத்தில் அப்போபி சோதனை இருந்தால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். அது கெட்ட துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் எல்டிஎல்லைவிட இது சரியான படத்தைத் தரும்.

ஸ்டாட்டின் சாப்பிட்டால் உடம்பெல்லாம் வலிக்கிறதே?

வலி பொய் இல்லை. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரைக்குள் இருக்கும் மருந்து இல்லை என்பதை 2020-இல் சாம்சன் என்ற சிறிய ஆய்வு அழகாகக் காட்டியது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு புட்டிகள் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தில்லாத மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒரு புட்டி. எதில் மருந்து என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தொந்தரவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3, மருந்தில்லாத மாத்திரை மாதங்களில் 15.4. மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணமே வலியைக் கொண்டுவந்தது. முடிவைக் காட்டிய பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள்.

நிஜமான தசைப் பாதிப்பும் உண்டு, அது அபூர்வம். சிறுநீர் கறுத்துப்போவது, தசை பலவீனம் போன்றவை இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்கு அது சற்று முன்னதாக வந்துவிடவும் வாய்ப்பு உண்டு. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் எசெடிமைப், பெம்பிடோயிக் அமிலம், வருடத்துக்கு இரண்டு முறை போடும் இன்க்ளிசிரான் ஊசி என்று வேறு வழிகள் இருக்கின்றன. நீங்களாக நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது மட்டும் வேண்டாம்.

லிப்போபுரோட்டீன் (ஏ) என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

எல்டிஎல் மாதிரியான ஒரு துகள். கூடவே இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். 1963-இல் நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் கண்டுபிடித்தார். இதன் அளவு ஏறக்குறைய முழுக்கப் பரம்பரையாக வருவது. உணவோ உடற்பயிற்சியோ இதை அசைப்பதில்லை. ஐந்தில் ஒருவருக்கு இது அதிகம். வாழ்நாளில் ஒரு தடவையாவது இதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டிகள் 2019 முதல் சொல்கின்றன. வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் இது வராது. தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் இறுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டும். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வது நல்லது. பெலகார்சென், ஓல்பாசிரான் போன்ற புதிய ஊசிகள் இதை 80 சதவீதம் வரையும் அதற்கு மேலும் குறைக்கின்றன. அப்படிக் குறைத்தால் மாரடைப்பும் குறையுமா என்பதற்கு ஆயிரக்கணக்கானோரை வைத்து ஆய்வுகள் நடத்தப்பட்டு வருகின்றன.

ரத்த அழுத்தம் 130 இருந்தால் பரவாயில்லையா?

முன்பு பரவாயில்லை என்று இருந்தோம். 2015-இல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வு அதை மாற்றியது. அபாயம் அதிகமுள்ள, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 9,361 பேரில் ஒரு பாதியினருக்கு மேல் அளவை 140-க்குக் கீழும், மறு பாதியினருக்கு 120-க்குக் கீழும் வைக்க முயன்றார்கள். 120-க்குக் கீழ் முயன்ற குழுவில் இதயச் சம்பவங்கள் 25 சதவீதமும் மொத்த இறப்புகள் 27 சதவீதமும் குறைந்தன. அதற்கு ஒரு விலையும் இருந்தது: தலைசுற்றி விழுவது, சிறுநீரகத் தொந்தரவு ஆகியவை சற்று அதிகம். ஆகவே தள்ளாத வயதினருக்கும், எழுந்து நின்றால் அழுத்தம் சட்டென்று இறங்குபவர்களுக்கும் இலக்கைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

அளக்கும் முறை தவறாக இருந்தால் இந்த இலக்கு எதற்கும் பொருளில்லை. 2024-இல் வந்த ஓர் ஆய்வு கையை எங்கே வைக்கிறோம் என்பதை மட்டும் சோதித்தது. மேசைமேல் இதய மட்டத்தில் வைத்து அளந்ததைவிட, மடியில் வைத்தால் மேல் அளவு சுமார் 4 புள்ளியும், கையைத் தொங்கவிட்டால் சுமார் 6.5 புள்ளியும் கூடுதலாகக் காட்டியது. மாத்திரையைக் கூட்டுவதா வேண்டாமா என்பதையே இந்த வித்தியாசம் மாற்றிவிடும். எனவே சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், சட்டைக் கையின்மேல் இல்லாமல் வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கையை மேசைமேல் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. சில நாட்கள் காலையும் மாலையும் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டினால், அவசர அவசரமாக ஒருமுறை எடுத்த அளவைவிட அது பல மடங்கு பயன்படும்.

உப்பைக் குறைக்கவே முடியவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. சீனாவின் 600 கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேரிடம் ஐந்து வருடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்புக்குப் பதிலாக, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு கொடுத்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2025-இல் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். மொத்த உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்.

அழற்சியும் காரணம் என்கிறார்களே?

ஆமாம், அழற்சி என்பது காயம், தொற்று போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு வினை. இது ஊகமாக இருந்த காலம் போய்விட்டது. 2017-இல் 10,061 பேரிடம் நடந்த கான்டோஸ் ஆய்வில், கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி, சம்பவங்களை 15 சதவீதம் குறைத்தது. விலையும் தொற்று அபாயமும் காரணமாக அது இதய மருந்தாக வரவில்லை. பிறகு கீல்வாதத்துக்குப் பயன்படும் பழைய மருந்தான கோல்கிசினைச் சோதித்தார்கள். 2020-இல் நாள்பட்ட இதய நோயாளிகளிடம் அது சம்பவங்களை 31 சதவீதம் குறைத்தது. 2023-இல் அமெரிக்காவில் இதயத்துக்கென அனுமதியும் கிடைத்தது. ஆனால் 2024-இல் மாரடைப்பு வந்தவுடனே கொடுத்துப் பார்த்த 7,000 பேர் ஆய்வில் பயன் தெரியவில்லை. யாருக்கு, எப்போது என்பதில் தெளிவு வர இன்னும் நாள் ஆகும். அழற்சியைக் குறைக்கிறேன் என்று கடையில் விற்கும் பொடிகளுக்கு இந்த ஆய்வுகள் எந்த ஆதாரமும் தரவில்லை.

எடை குறைக்கும் ஊசி இதயத்துக்கும் நல்லதா?

ஏற்கெனவே இதய நோய் இருந்து, உடல் எடையும் கூடுதலாக இருப்பவர்களுக்கு நல்லது. 2023-இல் செலக்ட் ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் செமக்ளுடைடு ஊசியைச் சோதித்தார்கள். சம்பவங்கள் 20 சதவீதம் குறைந்தன. இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும்: மூன்று வருடச் சொச்சத்தில் நூற்றுக்கு 8 பேருக்கு நேர்ந்தது 6.5 பேராகக் குறைந்தது. இரண்டும் ஒரே உண்மைதான். செய்தியில் சதவீதம் வரும்போதெல்லாம் "நூற்றுக்கு எத்தனை பேர்?" என்று கேட்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

எடை அதிகம் குறையாதவர்களுக்கும் பயன் தெரிந்தது. ஆகவே எடையைத் தாண்டியும் அந்த மருந்து ஏதோ செய்கிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பிவிடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும்.

தினமும் ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா?

மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்கள் மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது. எதுவும் வராதவர்கள் தடுப்புக்காகத் தொடங்குவது இப்போது வழக்கமில்லை. 2018-இல் பெரும்பாலும் 70 வயதுக்கு மேற்பட்ட 19,114 பேரிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் இதயத்துக்குப் பயன் தெரியவில்லை. ரத்தக்கசிவு மட்டும் கூடியது.

மீன் எண்ணெய், வைட்டமின் டி?

25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில் (2018) இரண்டுமே மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த கணக்கைக் குறைக்கவில்லை. அதிக அளவு மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் வாய்ப்பு கூடியதாக வேறு ஆய்வுகள் காட்டின. அந்தப் பணத்தைக் காய்கறிக்குச் செலவிடுங்கள்.

எவ்வளவு நடக்க வேண்டும்?

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, கூடவே இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற எண்ணுக்குப் பெரிய அறிவியல் அடிப்படை இல்லை. அதில் பாதி நடந்தாலே பலன் கண்ணுக்குத் தெரிகிறது. அதிலிருந்து கூடக் கூட நல்லது.

இந்தத் துறைக்கு விதை போட்டவர் ஜெரி மோரிஸ். லண்டன் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களையும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் எழுதினார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. அவர் அதோடு விடவில்லை. இருவருக்கும் தைத்த சீருடைகளின் இடுப்பளவையும் எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு ஆரம்பத்திலிருந்தே பெரியதாக இருந்தது! அப்படியானால் வித்தியாசம் முழுக்க வேலையால் வந்தது என்று சொல்ல முடியாதே என்று அவரே எழுதினார். பிற்கால ஆய்வுகள் உடலுழைப்பின் பயனை உறுதி செய்தன. தன் முடிவைத் தானே கேள்வி கேட்கும் அந்த நேர்மை எல்லா ஆய்வுக்கும் வேண்டும்.

ஒரு ஆஞ்சியோ செய்து அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைத்துவிட்டால் நிம்மதிதானே?

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் சந்தேகமே இல்லை. நாள்பட்ட, நிலையான அடைப்பு வேறு விஷயம். 2020-இல் வந்த இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நல்ல மருந்துகள்; இன்னொரு பிரிவுக்கு அதோடு ஆஞ்சியோவும், தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸும். மூன்று வருடத்துக்கும் மேல் பார்த்ததில் மாரடைப்பிலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி அடிக்கடி வருபவர்களுக்கு வலி குறைந்தது, அது நிஜமான பயன்தான். காரணம் முதல் கேள்வியிலேயே இருக்கிறது: கிழியப்போகும் படிவு ஸ்டென்ட் வைத்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அறிகுறி இல்லாதவர்களுக்கு, மாத்திரை தொடங்குவதா என்ற தயக்கம் இருந்தால் கால்சியம் ஸ்கேன் உதவலாம். அது சுண்ணாம்பு படிந்த பழைய படிவுகளை மட்டும் காட்டும். இளவயதில் பூஜ்யம் என்று வந்தால் ஒன்றுமே இல்லை என்று பொருளாகாது.

பெண்களுக்கு வேறு கணக்கா?

அபாயக் காரணங்கள் பெரும்பாலும் அவைதான். கூடவே சில உண்டு: கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் அல்லது சர்க்கரை ஏறியது, குறைப்பிரசவம், மாதவிடாய் சீக்கிரமே நின்றது. பிரசவம் முடிந்ததும் இவற்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இருபது வருடம் கழித்து இதய மருத்துவரிடம் போகும்போதும் இதைச் சொல்ல வேண்டும், அவர் கேட்காவிட்டாலும். 2024-இல் வெளிவந்த ஆய்வில், 27,939 அமெரிக்கப் பெண்களிடம் ஒரே ஒருமுறை எடுத்த ரத்தத்தில் எல்டிஎல், லிப்போபுரோட்டீன் (ஏ), அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஆகிய மூன்றும் சேர்ந்து அடுத்த 30 வருட அபாயத்தைக் கணிக்க உதவின. எழுபது வயதில் வரும் நோய்க்கு நாற்பதுகளிலேயே தடயம் இருக்கிறது.

பிளாஸ்டிக் துகள்களால் மாரடைப்பு வருகிறதாமே?

2024-இல் இத்தாலியில் கழுத்துத் தமனியிலிருந்து அறுவை செய்து எடுத்த படிவுகளைச் சோதித்தார்கள். 257 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் படிவில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. அப்படி இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவை சுமார் நாலரை மடங்கு அதிகம். கவலைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இது தொடர்பைக் காட்டுகிறது, பிளாஸ்டிக்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. காற்று மாசுக்கும் புகையிலைக்கும் உள்ள ஆதாரம் இதைவிட எத்தனையோ மடங்கு வலுவானது. பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு சிகரெட்டை விடாமல் இருப்பதில் பலனில்லை.

ஒரே மாத்திரையில் எல்லா மருந்தும் சேர்ந்து வருகிறதாமே?

ஈரானின் கிராமப்புறத்தில் 6,838 பேரிடம் ஐந்து வருடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். ஸ்டாட்டின், இரண்டு பிரஷர் மருந்து, ஆஸ்பிரின் எல்லாம் ஒரே மாத்திரையில். சம்பவங்கள் 34 சதவீதம் குறைந்தன. 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்த வகை சேர்ந்தது. எல்லாமே பழைய, மலிவான மருந்துகள். இவை இன்னும் பரவலாகப் போய்ச் சேராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மரபணுவையே திருத்தும் சிகிச்சை எப்போது வரும்?

ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது. 2025-இல் வந்த 15 பேர் ஆய்வில், ஒரே ஒரு தடவை செலுத்திய மருந்து கல்லீரலில் ஒரு மரபணுவை முடக்கியது. அதிக அளவு பெற்றவர்களுக்கு எல்டிஎல் ஏறத்தாழ பாதியானது. அந்த மரபணு பிறவியிலேயே வேலை செய்யாதவர்களின் நல்ல நிலையை மற்றவர்களுக்கும் தருவதுதான் நோக்கம். ஆனால் ஒருமுறை திருத்தினால் திரும்ப மாற்ற முடியாது. ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுக்கும் முன் பல வருடக் கண்காணிப்பு தேவை.

காய்ச்சல் தடுப்பூசிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஃப்ளூ காய்ச்சல் வந்த வாரத்தில் மாரடைப்பு அபாயம் பல மடங்கு ஏறுகிறது. 2021-இல் வெளிவந்த ஆய்வில், பெரும்பாலும் மாரடைப்பு நோயாளிகளான சுமார் 2,500 பேரில், ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 2.9 சதவீதம், போடாதவர்களில் 4.9 சதவீதம். ஒரு ஊசிக்கு இவ்வளவு பலன் அரிது.

இவ்வளவும் பார்த்தும் நெஞ்சு வலி வந்தால்?

நெஞ்சின் நடுவில் அழுத்தம், பாரம், கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி பெரிதாக இல்லாமல் குமட்டல், கடும் அசதி, மூச்சு வாங்குதல் என்று மட்டும் வரலாம். வாயுத் தொல்லை என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. வழியில் இதயம் நின்றால் அதை மறுபடி துடிக்க வைக்கும் கருவி உள்ளவர்கள் உடன் இருக்க வேண்டும். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதற்கு ஒவ்வாமை என்ற மூன்றையும் கூட இருப்பவர் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டால் அவசரப் பிரிவில் நேரம் மிச்சமாகும். வலி விட்டு விட்டு வந்து முழுக்கச் சரியாகிவிட்டதுபோல் இருந்தாலும் அன்றே ஈசிஜியும் இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோப்போனின் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட வேண்டும்.